இரண்டு கையெழுத்துகள்

2004-இல் நெதர்லாந்து மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு நோயாளியின் விவரம் வெளிவந்தது. பெயர் கிடையாது. வயது 62, ஆண், பார்கின்சன் நோய், தமிழில் நடுக்குவாதம். அவருடைய மூளையின் அடியாழத்தில் மெல்லிய மின்கம்பிகளைச் செலுத்தி இடைவிடாமல் மின்துடிப்பு கொடுத்ததில் உடம்பு இளகிக்கொடுத்தது. கூடவே இன்னொன்றும் வந்து சேர்ந்தது: தன்னைப் பெரிய ஆளாக நினைக்கும் மிதப்பு, தறிகெட்ட நடத்தை, தலைக்கு மேல் கடன். மருத்துவ மொழியில் மேனியா. அதை அடக்கும் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. மின்தூண்டலை மாற்றி வைத்தார்கள். பித்து இறங்கியது. நிதானம் திரும்பியது. தன் நிலையை எடைபோடும் அறிவும் திரும்பியது. ஆனால் உடம்பு மரக்கட்டையானது. படுக்கையை விட்டு எழ முடியவில்லை.

இடைப்பட்ட அளவு எதுவும் வாய்க்கவில்லை. ஆகவே இரண்டில் ஒன்று. தெளிந்த புத்தியோடு பராமரிப்பு இல்லத்தில் படுத்தே கிடப்பது, அல்லது நடமாடும் உடம்போடும் கலங்கிய மனத்தோடும் மனநல மருத்துவமனையில் நெடுங்காலம் இருப்பது. முடிவை அவரிடமே விட்டார்கள். அதிலும் ஒரு சிக்கல் இருந்தது: எந்த ‘அவரிடம்’? தூண்டல் ஓய்ந்திருக்கும்போதுதான் அவருக்கு முடிவெடுக்கும் தகுதி உண்டு என்று மருத்துவர்கள் கணித்தார்கள். அந்த வேளை பார்த்துக் கேட்டார்கள். அவர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். சட்ட நடைமுறைப்படி மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்.

தெளிவாக இருந்த ஒருவர், தெளிவில்லாதவராக வாழச் சம்மதித்தார். அந்தச் சம்மதம் யாருடையது?

மருத்துவ அறவியலாளர்கள் இந்தக் கேள்வியை இன்னும் விட்டபாடில்லை. கேள்வி பழையதுதான். உடம்பு வேறு, உயிர் வேறு என்றால், உடம்புக்குள் ஒரு திருகைத் திருகியதும் உயிரின் குணம் ஏன் மாறுகிறது? இரண்டும் ஒன்றே என்றால், அந்த மாற்றத்தைத் தள்ளி நின்று பார்த்து, ‘எனக்கு அதுவே போதும்’ என்று சொன்னது எது? இதே நெதர்லாந்து மண்ணில், தி ஹேக் நகரில் அடைக்கலமாக வாழ்ந்த பொஹீமிய இளவரசி எலிசபெத், 1643-இல் தத்துவவாதி தெகார்த்தேவுக்கு எழுதிய கடிதத்தில் இதன் ஒரு பாதியைக் கேட்டிருந்தார்: பருப்பொருளே அல்லாத ஆன்மா, பருப்பொருளான உடம்பை எப்படி அசைக்கிறது? தெகார்த்தே பல விதமாகப் பதில் சொல்லிப் பார்த்தார். மூளையின் நடுவில் உள்ள பினியல் சுரப்பியே ஆன்மாவின் இருக்கை என்றும் எழுதினார். இளவரசி கடைசிவரை சமாதானம் அடைந்ததாகத் தெரியவில்லை.

நடுக்குவாதத்தை முதலில் விவரித்தவரும் உடம்பையும் மனத்தையும் பிரித்தே வைத்தார். லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்கின்சன் 1817-இல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். அதில் வருபவர்கள் ஆறே பேர். அவர்களிலும் சிலரைத் தெருவில் கண்டதை வைத்தே எழுதினார். நடுக்கம், முன்னோக்கிச் சாயும் உடல், நடை தானாக ஓட்டமாக மாறுவது ஆகியவற்றை எல்லாம் துல்லியமாகக் குறித்தவர், புலன்களுக்கும் புத்திக்கும் ஊறு வருவதில்லை என்றும் சேர்த்துக்கொண்டார். வீடு ஆட்டம் காணும். குடியிருப்பவர் நலமாக இருப்பார் என்பதே அவர் கணக்கு.

நோயாளிகளைக் கேட்டால் அந்தக் கணக்கு சரி என்றே தோன்றும். எழ நினைக்கிறார், எழ வரவில்லை. வாசற்படியில் கால் தரையோடு ஒட்டிக்கொள்கிறது. தரையில் குறுக்கே கோடுகள் போட்டுக் காட்டினால், அதே மனிதர் ஒவ்வொரு கோட்டையும் தாண்டித் தாண்டி நடந்துவிடுகிறார். தசையிலோ எலும்பிலோ பழுதில்லை. நினைப்புக்கும் செயலுக்கும் இடையில் எங்கோ ஒரு பாலம் இற்றிருக்கிறது. கையெழுத்தும் காட்டிக்கொடுக்கும்: முதல் எழுத்து ஓரளவு பெரிதாகத் தொடங்கும், போகப்போகச் சிறுத்து, வரி முடிவதற்குள் எறும்பு ஊர்ந்த தடமாகிவிடும்.

இற்றுப்போன பாலம் எது என்பது 1960-இல் வியன்னாவில் தெரிந்தது. இந்த நோயால் இறந்தவர்களின் மூளையில், இயக்கத்தைச் சீராக்கும் பகுதியில் டோபமைன் என்ற வேதிப்பொருள் வற்றியிருந்தது. மறு ஆண்டே டோபமைனின் மூலப்பொருளான லெவோடோபாவை ஊசி வழியாகச் செலுத்திப் பார்த்தார்கள். கிடந்தவர்கள் எழுந்தார்கள். 1967-இல் அமெரிக்காவில் ஜார்ஜ் கோட்ஸியாஸ் அதை அதிக அளவில் வாய்வழி மருந்தாகக் கொடுக்கலாம் என்று காட்டினார். அந்த லெவோடோபாவைப் பூனைக்காலி விதையிலிருந்து பிரித்தெடுத்து, தாமோதரன், ராமசாமி என்ற இருவர் சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்திலிருந்து 1937-லேயே கட்டுரை வெளியிட்டிருந்தார்கள். அது இந்த நோய்க்கு மருந்தாகும் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

டோபமைன் கையையும் காலையும் மட்டும் தொடும் பொருள் இல்லை. ஆசை, எதிர்பார்ப்பு, ‘இன்னும் ஒரு தடவை’ என்ற உந்துதல் எல்லாவற்றிலும் அதற்குப் பங்கு உண்டு. டோபமைன் வகை மருந்துகளைச் சாப்பிடும் சிலர், வாழ்நாளில் தொட்டறியாத சூதாட்டத்தில் விழுந்தார்கள். சிலருக்கு அடங்காத காம வேட்கை வந்தது. மாத்திரையைக் குறைத்ததும் பலருக்கு அது தணிந்தது. மறுபுறம், நோய் முற்றும்போதே உற்சாகம் வடிந்து, எதிலும் ஒட்டாத மந்தம் வருவதும் உண்டு. ஆக, அறுவை அரங்குக்கு வருபவர் ஏற்கெனவே நோயாலும் மருந்தாலும் இரண்டு முறை மாற்றப்பட்டவர். சிகிச்சைக்கு முந்தைய ‘அசல் மனிதர்’ என்று ஒருவரைத் தேடிப் போனால், எத்தனை ஆண்டு பின்னால் போவது என்பதே குழப்பமாகிவிடும்.

ஆழ்மூளைத் தூண்டல் என்னும் டி.பி.எஸ். பிரெஞ்சு நகரமான கிரெனோபிளில் ஓர் அறுவை அரங்கில் பிறந்தது. 1987. அலீம் லூயி பெனாபிட் என்ற நரம்பியல் அறுவை மருத்துவர், நடுக்கத்தை நிறுத்துவதற்காக மூளையின் தலாமஸ் பகுதியில் ஒரு புள்ளியைச் சுட்டழிக்கவிருந்தார். சுடுவதற்கு முன் சரியான இடம்தானா என்று மின்சாரம் கொடுத்துச் சோதிப்பது வழக்கம். விநாடிக்கு நூறு துடிப்பை நெருங்கியதும் நோயாளியின் நடுக்கம் நின்றது. மின்சாரத்தை நிறுத்தினால் நடுக்கம் திரும்பியது. அழிக்காமலே நிறுத்த முடிகிறது. வேண்டாமென்றால் பழையபடி ஆக்கவும் முடிகிறது. 1990-இல் அமெரிக்காவில் மாலோன் டிலாங்கும் உடன் உழைத்தவர்களும், நடுக்குவாதம் உண்டாக்கப்பட்ட குரங்குகளில் சப்தலாமிக் நியூக்ளியஸ் என்ற சிறு கருவை முடக்கினால் உடல் விடுபடுகிறது என்று காட்டினார்கள். 1993-இல் பெனாபிட் மனிதரில் அதே இடத்துக்குக் கம்பியை இறக்கினார். 2014-இல் லாஸ்கர் விருது இருவருக்கும் கிடைத்தது. இன்று உலகெங்கும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தலைக்குள் கம்பியும் மார்புத் தோலுக்கடியில் மின்கலமுமாக நடமாடுகிறார்கள்.

அந்தக் கரு ஒரு கொண்டைக்கடலையைவிடச் சிறியது. ஆனால் அதற்குள் இடநெருக்கடி அதிகம். ஒரு பக்கம் அசைவுக்கானது. நடுவில் சிந்தனையோடு தொடர்புள்ளது. இன்னொரு முனை உணர்ச்சியோடு பின்னியது. கம்பி ஓரிரு மில்லிமீட்டர் தள்ளிப்போனால் என்ன ஆகும் என்பதை 1999-இல் பாரிஸில் பதிவான ஒரு நிகழ்வு காட்டியது. நோயாளி 65 வயதுப் பெண். மனநோய் எதுவும் முன்பு கண்டதில்லை. நடுக்குவாதத்தைத் தணிக்கும் புள்ளிக்கு இரண்டு மில்லிமீட்டர் கீழே மின்சாரம் பாய்ந்ததும் அவர் முகம் வாடியது, அழத் தொடங்கினார், வாழ்க்கை வெறுத்துவிட்டதென்றும் தன்னால் எதற்கும் பயனில்லை என்றும் சொன்னார். தூண்டலை நிறுத்திய 90 விநாடிக்குள் துயரம் இருந்த இடம் தெரியாமல் போனது. பிறகு சிரித்து, வேடிக்கை பேசினார்.

இதில் உறுத்துவது அழுகை வந்ததோ போனதோ இல்லை. அழும்போது அவர் சொன்னவை அத்தனையும் காரண காரியத்தோடு இருந்தன. மின்சாரம் வெறும் கண்ணீரை வரவழைக்கவில்லை. வாழ்க்கை பற்றிய ஒரு தீர்ப்பையே வரவழைத்தது. துக்கத்தில் மனிதர் வாழ்வைப் பற்றிச் சொல்லும் தீர்ப்புகளை ஞானம் என்று எடுத்துக்கொள்ளும் வழக்கம் பல சமயங்களிலும் உண்டு. இரண்டு மில்லிமீட்டர் அந்த வழக்கத்தின்மீது ஒரு நிழலைப் போட்டுவிட்டது.

முடிவெடுக்கும் விதமும் மாறுகிறது. 2007-இல் மைக்கேல் ஃபிராங்க் என்ற ஆய்வாளரின் குழு, தூண்டல் நடக்கும்போதும் நிற்கும்போதும் நோயாளிகளைத் தேர்வு விளையாட்டுகளில் ஈடுபடுத்தியது. ஏறக்குறைய ஒரேயளவு நல்ல இரண்டு வாய்ப்புகள் முன்னால் வந்தால் யாரும் சற்றுத் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்துக்கு நேரம் வாங்கித் தருவது சப்தலாமிக் கருவின் வேலைகளில் ஒன்று. தூண்டல் ஓடிக்கொண்டிருந்தபோது நோயாளிகள் அந்த இடத்தில் நிற்கவே இல்லை. கடினமான தேர்வில் இன்னும் விரைந்து கைவைத்தார்கள். பொறுமை என்றும் நிதானம் என்றும் நீதி நூல்கள் போற்றும் குணத்தின் அன்றாடக் கூலிவேலையை ஒரு கடலையளவு திசு செய்துவருகிறது.

கடந்த பத்தாண்டுகளில் பார்வை அந்தக் கருவைத் தாண்டி அகன்றிருக்கிறது. ஒரே அறுவை மருத்துவர், ஒரே கருவி, ஒரே கருவில் கம்பி. ஆனால் ஒருவர் துள்ளி எழுகிறார், மற்றொருவருக்குக் கால்வாசிப் பலன்தான். ஏன்? 2017-இல் ஆண்ட்ரியாஸ் ஹார்னும் உடன் பணியாற்றியவர்களும் ஜெர்மனியில் சிகிச்சை பெற்ற 95 பேரின் மூளைப் படங்களை எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொருவருக்கும் கம்பி நிற்கும் புள்ளி, மூளையின் மற்ற எந்தப் பகுதிகளோடு இணைந்திருக்கிறது என்பதை, ஏராளமானோரின் படங்களிலிருந்து தொகுத்த இணைப்பு வரைபடத்தைக் கொண்டு கணித்தார்கள். 51 பேரிடம் கற்றதை வைத்து மீதி 44 பேருக்கு எவ்வளவு பலன் கிடைத்திருக்கும் என்று ஊகித்தபோது, ஊகம் பெருமளவு கூடிவந்தது. கம்பி நிற்கும் இடத்தைவிட, அந்த இடம் யாரோடெல்லாம் பேசுகிறது என்பது முக்கியம் என்றாயிற்று. மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் வேரைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

2024-இல் இன்னும் பெரிய வரைபடம் வந்தது. நடுக்குவாதம், டிஸ்டோனியா என்னும் தசை முறுக்கு நோய், டூரெட் நோய், எண்ணச் சுழற்சி நோயான ஓ.சி.டி. என நான்கு நோய்களுக்காகக் கம்பி பொருத்தப்பட்ட 261 பேரின் தரவு. ஒவ்வொரு நோய்க்கும் பலன் தரும் இழை, அதே சிறு கருவை ஒட்டி அருகருகே ஓடி, மூளையின் முன்பகுதியில் வெவ்வேறு இடங்களுக்குப் பிரிந்து போகிறது. கை நடுங்கும் நோய்க்கும், கையைக் கழுவிக் கழுவித் தீராத நோய்க்கும் வாசல் ஒரே தெருவில்தான் இருக்கிறது.

நடுக்குவாதத்துக்குப் பலன் தரும் இழை பெரும்பாலும் போய்ச் சேரும் இடம் துணை இயக்கப் புறணி. தத்துவம் படித்தவர்கள் இந்தப் பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காருவார்கள். 1983-இல் சான் பிரான்சிஸ்கோவில் பெஞ்சமின் லிபெட் செய்த புகழ்பெற்ற சோதனையில், ‘இப்போது விரலை அசைக்கலாம்’ என்று ஒருவர் உணர்வதற்கு முன்பே மூளையில் ஒரு மின் அலை எழும்பியது. அந்த அலைக்கு முக்கிய ஊற்றுகளில் ஒன்றாகக் கருதப்படுவது இந்தப் பகுதி. 1991-இல் இட்ஸாக் ஃபிரைடும் குழுவினரும், வலிப்பு நோய்க்கான அறுவைக்கு முன் இந்தப் புறணியை லேசான மின்சாரத்தால் தொட்டபோது, நோயாளிகள் சிலருக்குக் கை அசையவில்லை. அசைக்க வேண்டும் என்ற உந்துதல் மட்டும் எழுந்தது. மின்சாரத்தைக் கூட்டினால் கை அசைந்தது.

ஆக, சிகிச்சை ஒருவருக்கு எவ்வளவு பலன் தரும் என்பதை முன்கூட்டிச் சொல்லும் வரைபடமும், இச்சை என்பது எங்கே முளைவிடுகிறது என்று தத்துவவாதிகள் தேடும் வரைபடமும் ஓர் ஓரத்தில் ஒன்றின்மேல் ஒன்று படிகின்றன. 2018-இல் வேறொரு குழு இன்னும் துணிந்தது. பேச்சும் அசைவும் அற்று விருப்பமே அவிந்துபோன நோயாளிகளையும், தன் கையின் அசைவு தன்னுடையதல்ல என்று உணரும் நோயாளிகளையும் எடுத்துக்கொண்டு, அவர்கள் மூளையில் சேதமான இடங்கள் எந்த வலைப்பின்னலைச் சேர்ந்தவை என்று பார்த்தது. சேதங்கள் சிதறிக் கிடந்தன, வலைப்பின்னல்கள் ஒன்றிவந்தன. விருப்பம் சாகும் நோய்க்கு ஒரு வலை, உரிமை உணர்வு சாகும் நோய்க்கு இன்னொரு வலை. ‘நான் விரும்பினேன்’, ‘நானே செய்தேன்’ என்ற இரண்டும் ஒரே கயிற்றில் கட்டப்படவில்லை என்று அதற்குப் பொருள்.

சைவ சித்தாந்தம் படித்தவருக்கு இந்தப் பிரிப்பு புதிதாக இராது. உயிரின் ஆற்றலை அது இச்சை, ஞானம், கிரியை என மூன்றாகப் பிரிக்கிறது. அந்த மூன்றும் தாமாக விளங்குவதில்லை. ஆணவ இருளில் கிடக்கும் உயிருக்கு மாயை தரும் கருவிகள் வேண்டும். கிரியையைத் தூண்டக் கலை, அறிவைத் தூண்ட வித்தை, விழைவைத் தூண்ட அராகம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தத்துவம் சொல்லப்படுகிறது. விடியும்வரை கையில் பிடிக்கும் விளக்குபோல உடலும் கரணங்களும் உயிருக்கு உதவுகின்றன. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் செய்த சிவஞானபோதம், உயிர் என்பது உடம்பா, ஐம்புலனா, மூச்சா, அந்தக்கரணமா என்று ஒவ்வொன்றாக எடுத்து மறுத்து, இவற்றுக்கு வேறாக ஓர் உயிர் உண்டு என்று நிறுவ முயல்கிறது. அதோடு நிற்காமல், உயிர் எதைச் சார்கிறதோ அதன் வண்ணமாகிவிடும் என்றும் சித்தாந்தம் சொல்கிறது. செம்பருத்திக்கு அருகில் வைத்த பளிங்கு சிவப்பாகத் தெரிவதுபோல.

பாரிஸ் பெண்மணியின் 90 விநாடியை இந்தக் கண்ணோடு பார்த்தால், கருவி கலங்கியது, உயிர் அதன் வண்ணமானது, கருவி தெளிந்ததும் உயிரும் தெளிந்தது என்று சொல்லிவிடலாம். நெதர்லாந்துக்காரரிடம் வந்தால் இந்த விளக்கம் திணறுகிறது. இரண்டு வண்ணங்களையும் பட்டறிந்து, ஒன்றை வேண்டும் என்று கேட்டாரே. அப்படிக் கேட்டபோதும் அவர் ஏதோ ஒரு வண்ணத்தில்தானே இருந்தார்? தூண்டல் ஓய்ந்த மூளையும் ஒரு மூளைதான். டோபமைன் வற்றிய, படுக்கையில் கிடக்கும் துயரம் தோய்ந்த மூளை. நிறமற்ற பளிங்காக நின்று தேர்ந்தெடுக்க அவருக்கு ஒரு மூன்றாம் நிலை கிடைக்கவில்லை. யாருக்கும் கிடைப்பதில்லை, அவருக்கு அது வெட்டவெளிச்சமாகியது, அவ்வளவுதான்.

கத்தோலிக்க மரபு இதே இடத்தில் வேறொரு வேலி போட்டது. 1952 செப்டம்பரில், நரம்பு மண்டலத் திசுநோயியல் மாநாட்டுக்கு வந்த மருத்துவர்களிடம் பன்னிரண்டாம் பயஸ் போப்பாண்டவர் பேசினார். நோயாளி தன் உடலுக்கும் மனத்துக்கும் முழு எசமானர் இல்லை என்றார். ஒரு வேதனையிலிருந்து விடுபடுவதற்காக, தன் ஆளுமையை நிலையாகச் சிதைத்து, உயிருள்ள பொம்மையாகத் தன்னை ஆக்கிக்கொள்ளும் சிகிச்சைக்கு ஒருவர் சம்மதிக்க முடியாது என்பது அவர் வாதத்தின் சாரம். மூளையின் முன்பகுதி இணைப்புகளை வெட்டும் லோபாட்டமி பரவலாக இருந்த காலம் அது.

நெதர்லாந்து நோயாளி அந்த வேலியைத் தாண்டினாரா? தாண்டினார் என்பவர்கள், முடிவெடுக்கும் ஆற்றலையே முடிவெடுத்து விட்டுக்கொடுத்ததைச் சுட்டுவார்கள். இல்லை என்பவர்களுக்கும் பதில் உண்டு: லோபாட்டமிக்குத் திரும்பும் வழி கிடையாது, இதற்கு உண்டு. வேண்டும்போது தூண்டலை நிறுத்தி, மனம் மாறிவிட்டதா என்று அவரைக் கேட்கலாம். கிரேக்கக் காவிய நாயகன் யுலிசஸ், மயக்கும் பாட்டைக் கேட்பதற்கு முன் தன்னைப் பாய்மரத்தில் கட்டச் சொன்னதைப்போல, வரப்போகும் தன்னைப் பற்றி இப்போதே உத்தரவிடுவதை அறவியலாளர்கள் யுலிசஸ் ஒப்பந்தம் என்பார்கள். யுலிசஸ் பித்து தன்னை இழுத்துச் செல்லாமல் இருக்கக் கட்டச் சொன்னான். நெதர்லாந்துக்காரர் பித்தோடு நடமாடுவதற்காகக் கதவை அடைக்கச் சொன்னார். கயிறு ஒன்றுதான், முடிச்சு தலைகீழ்.

வரைபடங்கள் ஒரு கேள்விக்கு நன்றாகப் பதில் சொல்கின்றன: இந்த நோயாளியின் நடுக்கமும் விறைப்பும் எத்தனை புள்ளி குறையும்? மருத்துவத்தில் ‘ரெஸ்பான்ஸ்’ என்று எழுதப்படுவது அந்தப் புள்ளிக்கணக்கு. மனிதர் தரும் மறுமொழி வேறொரு தாளில் இருக்கிறது. 2006-இல் பாரிஸில், இந்தச் சிகிச்சை பெற்ற 29 பேரிடம் ஆற அமரப் பேசி ஓர் ஆய்வு வெளிவந்தது. அசைவில் நல்ல முன்னேற்றம். ஆனால் பலர் தங்களைத் தாங்களாக உணரவில்லை. சிலர் தங்களை இயந்திரம்போல உணர்ந்தார்கள். பல ஆண்டு நோயோடு மல்லுக்கட்டியே பழகியவர்களுக்கு, எதிரி விலகியதும் நாள் முழுக்க என்ன செய்வது என்று தெரியவில்லை. பராமரித்துப் பழகிய துணைக்கும் வேலை போனது. தம்பதியரிடையே விரிசல் வந்தது. சரிசெய்த உடம்பில் தத்தளிக்கும் மனமா என்று அந்தக் கட்டுரையின் தலைப்பே கேட்டது.

எதிர்த் தரப்பையும் சொல்லியாக வேண்டும். 2018-இல் ஃபிரெடெரிக் கில்பர்ட்டும் வேறு இருவரும் சேர்ந்து, டி.பி.எஸ். ஆளுமையை மாற்றுகிறது என்று பேசும் அறவியல் கட்டுரைகளின் அடித்தளத்தைத் தோண்டிப் பார்த்தார்கள். கட்டுரைகள் மலைபோல் இருந்தன; நேரடிச் சான்றுகள் சொற்பம். அதே சில நோயாளிகளின் கதை கைமாறிக் கைமாறிப் பெருகியிருந்தது. பெரும்பாலானோருக்கு இந்தச் சிகிச்சை தட்டை ஏந்தும், சட்டைப் பித்தானைப் போடும் திறனைத் திருப்பித் தந்த ஒன்றுதான். ‘பழைய ஆளாக ஆனேன்’ என்பவர்களும் நிறைய. நெதர்லாந்துக்காரர் விதிவிலக்கு. தத்துவத்துக்கு விதிவிலக்குகள் போதும். மருத்துவமனை வரிசையில் நிற்பவருக்குப் போதாது.

மின்சாரம் எண்ணத்தை மாற்றுகிறது என்ற கதைக்கு எதிர்த்திசையில் ஓடும் கதையும் உண்டு. இத்தாலியின் டுரின் நகரில் ஃபாப்ரிசியோ பெனெடெட்டியின் குழு 2004-இல் வெளியிட்ட ஆய்வு அது. அறுவைக்கு முந்தைய நாட்களில் நோயாளிகளுக்கு அபோமார்ஃபின் என்ற உண்மையான மருந்தை ஊசியாகக் கொடுத்துப் பழக்கினார்கள். அறுவை அரங்கில் அதே மருந்து என்று சொல்லி வெறும் உப்புநீரைச் செலுத்தினார்கள். சிலருக்கு மணிக்கட்டின் விறைப்பு தளர்ந்தது. அப்படித் தளர்ந்தவர்களின் சப்தலாமிக் கருவில், ஒற்றை நரம்பணுக்களின் துடிப்பே குறைந்ததைக் கம்பி பதிவு செய்தது. கேட்ட ஒரு சொல், நம்பிய ஒரு நம்பிக்கை, பெனாபிட் மின்சாரம் கொண்டு போய்ச் சேர்ந்த அதே கடலைக்குள் இறங்கியிருந்தது. நம்பிக்கையும் மூளையின் இயக்கம்தானே என்று பொருள்முதல்வாதி சொல்லலாம். சரி. ஆனால் அந்த இயக்கத்தைத் தொடங்கி வைத்தது பொருளின் அளவோ வேதியியலோ இல்லை. உப்புநீருக்கு அந்த வேதியியல் கிடையாது. அர்த்தம் தொடங்கி வைத்தது. எலிசபெத் கேட்ட கேள்வி அங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது.

கருவிகள் இப்போது தாமே கவனிக்கவும் கற்றுக்கொண்டிருக்கின்றன. நடுக்குவாத மூளையில் விநாடிக்கு 13 முதல் 30 வரை துடிக்கும் பீட்டா அலைகள் மிகுந்துவிடுவது தெரிந்த விஷயம். அந்த அலையை இடைவிடாமல் படித்து, கூடினால் மின்சாரத்தைக் கூட்டி, குறைந்தால் குறைத்துக்கொள்ளும் தகவமைப்புத் தூண்டலுக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2025 பிப்ரவரியில் ஒப்புதல் தந்தது. ‘ஆன்’, ‘ஆஃப்’ என்ற இரண்டு நிலைகள் இனி மங்கி, நாள் முழுதும் ஏறி இறங்கும் ஒரே சரிவாகிவிடும். மின்சாரம் ஓய்ந்த ஒரு வேளை பார்த்து ஒருவரிடம் சம்மதம் கேட்பது இனி எளிதாக இராது.

இந்தச் சிகிச்சை பெற்றவரைக் கருவியின் அளவைச் சரிபார்க்க அழைக்கும்போது, மருத்துவர் ஒரு தாளையும் பேனாவையும் நீட்டுவார். நடுவிலிருந்து வெளியே விரியும் சுருள் ஒன்று வரையச் சொல்வார். ஒரு வாக்கியம் எழுதச் சொல்வார். தூண்டல் நின்றிருக்கும்போது சுருள் ரம்பப் பல்லாக முறியும், எழுத்து கடுகாகச் சிறுக்கும். தூண்டல் வந்ததும் சுருள் விரியும், எழுத்து பெரிதாகும். மார்பில் உள்ள மின்கலம், மறுமின்னேற்றம் செய்யாத வகை என்றால், சில ஆண்டுகளில் தீர்ந்துபோகும். அதை மாற்ற ஒரு சிறு அறுவை. அதற்கு முன் மீண்டும் ஒரு சம்மதப் படிவம். மின்கலம் முழுதாக ஓய்ந்தபின் வந்தவர் போடும் கையெழுத்து, முதல் அறுவைக்குப் பிறகு அவர் வங்கியில் மாற்றிக் கொடுத்த பெரிய கையெழுத்தோடு ஒத்துப்போகாது. அதற்கும் முந்தைய, நடுங்கிச் சிறுத்த பழைய கையெழுத்தோடு ஒருவேளை ஒத்துப்போகும். மருத்துவமனை இரண்டில் எதுவானாலும் வாங்கி, கோப்பில் வைத்துக்கொள்கிறது.